டிஃபெக்ட் என்னும் ஒரு சொல்

கொல்கத்தா மாநகரில், லேக் மார்க்கெட்டை அடுத்த ஒரு தெருவில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றிற்குச் சில ஆண்டுகளுக்கு முன் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு சீட்டு வந்தது. முதல் வகுப்பிற் பயிலும் ஆறு வயதுச் சிறுவனைப் பற்றிய சீட்டு அது. ‘பையனுக்குப் பேச்சில் டிஃபெக்ட் உள்ளது, தக்க மருத்துவரிடம் காட்டவும்’ என்பதே அதில் கண்ட செய்தி. தந்தை ஓர் அலுவலகத்தில் கணக்கர். நாள் முழுதும் ஆங்கிலத்திலேயே எழுதிப் பழகியவர். ஆயினும் அன்று இரவு அச்சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு என் வீட்டு வாயிலில் வந்து நின்றார். “சார், இந்த டிஃபெக்ட் என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது? ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறாள். அவளிடம் ஊனம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை” என்றார்.

யான் மருத்துவனும் அல்லேன், மொழியாசிரியனும் அல்லேன். அகராதியைப் புரட்டும் பழக்கமுள்ளவன் என்ற அளவில் அக்கம்பக்கத்தார்க்குத் தெரிந்தவன். “குறை என்று சொல்லுங்கள்” என்று விடையிறுத்து அனுப்பினேன். அவ்விடை பிழையன்று, ஆனால் போதுமானதும் அன்று. அவர் சென்ற பின்னர் அச்சொல் என்னை விட்டபாடில்லை. நாம் கடையிலும் அலுவலகத்திலும் ஒரு நாளைக்குப் பத்து முறை வழங்கும் ஒரு சொல்லை, நம் வீட்டுக் குழந்தைக்கு வழங்க நேர்ந்தபோது ஏன் நா எழவில்லை என்ற வினாவிற்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

முதற்கண் சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். இலத்தீன் மொழியில் ‘ஃபாக்கெரே’ என்றால் செய்தல் என்று பொருள். அதன் முன் ‘டே’ என்னும் முன்னொட்டைச் சேர்த்தால், செயலில் தவறுதல், போதாமற்போதல், விட்டு நீங்குதல் ஆகிய பொருள்கள் தோன்றும். டிஃபெக்ட் என்பது அதன் வழிவந்தது. வரவுசெலவுத் திட்டத்தில் நாம் கேட்கும் டெஃபிசிட் என்பதும், சத்துக் குறைவைக் குறிக்க மருத்துவர் கூறும் டிஃபிஷன்ஸி என்பதும் இதன் உடன்பிறப்புகளே. கட்சி விட்டுக் கட்சி தாவுதலை ஆங்கிலத்தில் டிஃபெக்‌ஷன் என்கின்றனர். 1985-ஆம் ஆண்டு நம் நாட்டில் கட்சித் தாவலைத் தடுக்க அரசியலமைப்பு திருத்தப்பட்டபோது செய்தித்தாள்கள் ஓயாது அச்சிட்ட சொல் அது. அதுவும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. ஆக, டிஃபெக்ட் என்பதன் அடிக்கருத்து ‘இருக்க வேண்டியது இல்லாமற்போதல்’ என்பதாகும். தமிழில் டெஃபிசிட் என்பதைப் பற்றாக்குறை என்று பெயர்த்தவர் எவரோ, அவர் சொல்லின் வேரையே தொட்டுவிட்டார் எனலாம்.

இதனோடு நாம் குழப்பிக்கொள்ளும் வேறு மூன்று சொற்கள் உள. ஃபால்ட் என்பது ஏமாற்றுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து பிரெஞ்சு மொழி வழியாக வந்தது. அதில் பொறுப்பு என்னும் கருத்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘இது என் ஃபால்ட்’ என்று ஒருவர் கூறினால், ‘இதற்கு நானே பொறுப்பு’ என்பது கருத்து. ‘இது என் டிஃபெக்ட்’ என்றால் ‘என்னிடமுள்ள குறை இது’ என்றாகிவிடும். இரண்டும் ஒன்றல்ல. ஃப்ளா என்பது ஸ்காந்திநேவிய மொழியொன்றிலிருந்து வந்தது என்பர். பனிச்செதில், கற்செதில் என்னும் பொருளிலிருந்து, உரிந்த இடம், வெடிப்பு என்ற பொருளுக்கு அது நகர்ந்தது. மிஸ்டேக் என்பதோ மாறாக எடுத்துக்கொள்ளுதல்; அது மனிதர் செய்வது; பொருள்களிடம் இராதது.

இந்த வேறுபாட்டை அறியாமையால் வரும் இடர் சிறிதன்று. என் நண்பர் ஒருவர் மாவரைக்கும் மிக்சி ஒன்றை வாங்கினார். இரண்டாம் மாதமே அது புகைந்தது. கடைக்காரருக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதியவர், ‘மிக்சியில் மிஸ்டேக் இருக்கிறது’ என்று எழுதிவிட்டார். தமிழில் ‘மிக்சியில் தவறு இருக்கிறது’ என்று நினைத்ததன் விளைவு. ‘எங்கள் பக்கம் யாதொரு மிஸ்டேக்கும் இல்லை’ என்று மிக்க பணிவுடன் மறுமொழி வந்தது. அக்கடைக்காரர் சொன்னதும் ஒருவகையில் மெய்தானே! பிறகு, ‘உத்தரவாதக் காலத்திற்குள் மோட்டாரில் டிஃபெக்ட் காணப்பட்டது’ என்று எழுதியபோதுதான் காரியம் நடந்தது.

துணிக்கடையில் நாம் ‘டிஃபெக்ட் பீஸ்’ என்கிறோம். ஆங்கிலேயர் அவ்வாறு சொல்லார். ‘டிஃபெக்டிவ்’ என்று அதனைப் பெயரடையாக்கியே சொல்லுவர். நம் வழக்கைத் தவறென்று தள்ளிவிட வேண்டுவதில்லை. பெயரோடு பெயரை நேரே சேர்த்துத் தொகையாக்குவது தமிழின் இயல்பு. ஆங்கிலச் சொல்லைக் கடன் வாங்கினாலும், அதனைத் தமிழ் இலக்கணத்தின்படியே ஆட்டிவைக்கிறோம் என்பதற்கு இது சான்று.

தமிழில் இக்கருத்தைக் குறிக்க எத்தனை சொற்கள்! பெரும்பாலும் எது எங்கே உள்ளது என்பதைக் கொண்டு அவை வேறுபடுகின்றன. மேற்பரப்பில் தோன்றுவது மறு. திங்களில் உள்ளது அது. உள்ளே இருந்து அரிப்பது சொத்தை; கத்தரிக்காய்க்கும் பல்லுக்கும் அது பொது. பித்தளைப் பாத்திரம் கீழே விழுந்தால் ஒடுக்கு விழும். மட்பானை என்றால் விரிசல். ஓடிக்கொண்டிருந்த இயந்திரம் திடீரென்று முரண்டினால் கோளாறு. முற்றும் நின்றுவிட்டால் பழுது. அதனைப் பார்த்துச் சீராக்குவதும் பழுதுபார்த்தல்தான். இலங்கைத் தமிழர் ‘திருத்துதல்’ என்பர். கோயிற் சிலையில் ஒரு விரல் உடைந்தால் பின்னம் என்று கூறி வழிபாட்டினின்று விலக்குகிறோம். கணக்கில் முழு எண்ணின் பகுதிக்கும் பின்னம் என்றுதான் பெயர். சாதகத்தில் இருந்தால் தோஷம். இத்தனையையும் ஆங்கிலம் டிஃபெக்ட் என்ற ஒரே பெட்டியில் அடைத்துவிடுகிறது. வசதிதான், ஆனால் பெட்டியைத் திறந்து பாராமல் உள்ளே இருப்பது இன்னதென்று தெரியாது.

குற்றம் என்ற சொல்லின் வரலாறு தனியானது. பழந்தமிழில் அது எல்லாவகைக் குறைகளுக்கும் பொதுப்பெயர். திருக்குறளில் ‘குற்றங்கடிதல்’ என ஓர் அதிகாரமே உண்டு. அங்கே பேசப்படுவன செருக்கு, சினம் போன்ற மனக்குறைகள். சிலப்பதிகாரத்து ஊர்காண் காதை, மதுரைக் கடைவீதியை வருணிக்கும்போது, வயிரத்தின் குற்றங்களை வகைப்படுத்திச் சொல்லுகிறது. காக்கையின் அடி போன்ற கீற்று ஒன்று; புள்ளி ஒன்று; கோடு ஒன்று; இப்படி. இன்று வைர வாணிகர் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துக்கொண்டு தேடுவனவும் ஏறத்தாழ இவையே. இக்காலத்திலோ குற்றம் என்றதும் காவல் நிலையமும் நீதிமன்றமும் நினைவிற்கு வருகின்றன. ஆதலின் ஒரு பொருளில் உள்ள குறையைக் குற்றம் என்று எழுதினால், படிப்பவர் யாரோ ஒருவரைக் கூண்டில் ஏற்றுவதாகக் கருதிக்கொள்வார்.

பிழை என்பதும் வியப்பான சொல். பிழைத்தல் என்றால் தவறுதல். உயிர் தப்பி வாழ்தலும் பிழைத்தல்தான். இலக்குத் தவறிய அம்பு பிழைத்தது. அம்புக்குத் தப்பிய மானும் பிழைத்தது. பிழைப்பு நாடி ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு இச்சொல் பொருத்தமானதே.

இனி நாம் வாழும் வங்கத்தின் மொழியைச் சிறிது கேட்போம். வங்காளிகள் ஒரு பொருளின் சிறு குறையைக் ‘குந்த்’ என்பர். அது இல்லாதது ‘நிகுந்த்’, அதாவது அப்பழுக்கற்றது. அடிப்படையிலேயே தவறு நேர்ந்துவிட்டால் ‘கோடாய் கலத்’ என்பர். நம்முடைய ‘முதற்கோணல் முற்றுங்கோணல்’ என்ற பழமொழியை ஒத்தது அது. இரவீந்திரநாத தாகூர் 1892-இல் இயற்றிய நகைச்சுவை நாடகம் ஒன்றுக்கு அதுவே பெயர். வங்காளித் திருமண அழைப்பிதழின் அடியில் ஒரு வரி காணப்படும். கடிதத்தின் வாயிலாக அழைத்த ‘த்ருடி’யைப் பொறுத்தருள வேண்டும் என்பது அதன் கருத்து. புதிதாக இங்கு வந்த என் உறவினர் ஒருவர் அதனை யாரோ படிக்கக் கேட்டுத் ‘திருடி’ என்று எண்ணித் திடுக்கிட்டார். த்ருடி என்பது வடமொழிச் சொல். குறை, குறைபாடு என்று பொருள். நேரில் வந்து அழைப்பதே முறை. அது செய்ய இயலாமற்போனது குறை. அக்குறையை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்பது அவர்கள் மரபு. நம் அழைப்பிதழ்களோ ‘இதனை நேரில் வந்து அழைத்ததாகக் கருதி’ என்று எழுதுகின்றன. அவர்கள் குறையை ஒப்புக்கொள்கின்றனர். நாம் அதனை இல்லையாக்கிவிடுகிறோம். எது மேல் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆனால் வங்காளியின் வரியைப் படிக்கும்போது மனம் சற்றே நெகிழ்கிறது.

வங்காள மொழியில் இன்னொரு புதையலும் உண்டு. காய்கறிக் கடையில் பத்தொன்பதை ‘உனிஷ்’ என்றும், இருபத்தொன்பதை ‘உனோத்ரிஷ்’ என்றும், முப்பத்தொன்பதை ‘உனோசொல்லிஷ்’ என்றும் சொல்லக் கேட்கிறோம். இவற்றின் தொடக்கத்தில் நிற்கும் ‘உன’ என்பது வடமொழியில் குறைந்தது என்னும் பொருளுடைய ‘ஊன’ என்ற சொல்லே. இருபதுக்கு ஒன்று குறைந்தது, முப்பதுக்கு ஒன்று குறைந்தது என்பது பொருள். தமிழில் நாம் அஞ்சி அஞ்சிச் சொல்லும் ஊனம் என்பதும் அதே சொல்தான்! கணக்கர் தம் தாயிடம் சொல்ல நா எழாத சொல்லை, நாள்தோறும் காலையில் அவரே உருளைக்கிழங்குக்கு விலை பேசும்போது சொல்லிக்கொண்டிருந்தார். மிகச் சிறிய வேறுபாட்டை வங்காளிகள் ‘உனிஷ்-பிஷ்’, பத்தொன்பது-இருபது என்று கூறித் தள்ளிவிடுவார்கள். தமிழ்நாட்டில் ஊனமுற்றோர் என்ற பெயர் நீங்கி மாற்றுத்திறனாளி என்ற பெயர் அரசு வழக்காக வந்ததும், 2016-ஆம் ஆண்டின் சட்டம் அவர்களுடைய உரிமைகளை முன்னிறுத்தியதும், ஒரு சொல் மனிதர்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டால் என்ன ஆகும் என்பதை உணர்ந்ததன் விளைவுகளே. இங்கிலாந்தில் 1913-ஆம் ஆண்டுச் சட்டமொன்று அறிவு வளர்ச்சி குன்றியோரை ‘டிஃபெக்டிவ்’ என்றே பெயரிட்டு அழைத்தது. இன்று அவ்வாறு எழுத எவரும் கூசுவர். ‘இதயத்தில் டிஃபெக்ட்’ என்று மருத்துவர் கூறலாம். ‘டிஃபெக்டிவ் குழந்தை’ என்று கூறலாகாது. உறுப்பைப் பற்றியது முன்னது. ஆளைப் பற்றியது பின்னது.

அகராதி என்றதும் ஒன்று நினைவிற்கு வருகிறது. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராக விளங்கியவர் எஸ். வையாபுரிப் பிள்ளை அவர்கள். அவர் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூற்றொகுதி இன்று இருப்பது சென்னையில் அன்று. கொல்கத்தா அலிப்பூரிலுள்ள தேசிய நூலகத்தில். வெளிமாநிலத் தமிழர் பலர் இதனை அறியார். நூறாயிரத்துக்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட அப்பேரகராதியும் முடிந்தவுடனேயே விடுபட்ட சொற்கள் தெரியலாயின; அவற்றைத் தொகுத்து ஓர் அநுபந்தம் பின்னர் வெளிவந்தது. குறை என்ற சொல்லுக்குப் பொருள் கூறிய நூலுக்கும் குறைநிரப்பு வேண்டியிருந்தது.

நம் இலக்கண நூலார் குறைகளை நோக்கிய முறை பாராட்டத்தக்கது. சொல்வதில் நேரும் தவறு வழு. தவறாத நிலை வழாநிலை. இத்தோடு நிறுத்தியிருந்தால் பிற மொழியாரினும் நாம் வேறுபட்டவராகோம். மூன்றாவதாக வழுவமைதி என்று ஒன்றை வைத்தனர். வழுதான்; ஆயினும் தக்க காரணம் இருப்பதால் ஏற்றுக்கொள்ளலாம் என்பது. தாய் தன் மகளை அன்பு மிகுதியால் ‘வாடா ராஜா’ என்று அழைக்கிறாள். பெண்பாலை ஆண்பாலாகக் கூறியது வழு. ஆனால் உவப்பினால் கூறியமையின் அமைக்கப்பட்டது. வழு இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. அதனைக் குறையென்று தள்ள வேண்டுமா என்பது வேறு கேள்வி.

வியப்பு யாதெனில், இக்காலப் பொறியியலும் இதே மூன்று படிகளைக் கண்டிருக்கிறது. 1912-ஆம் ஆண்டில் இரயில்வே வாரியத்தின் கீழ் அரசுச் சோதனைச்சாலை ஒன்று தொடங்கப்பட்டது இந்நகரத்து அலிப்பூரிலேதான். இன்று அதன் பெயர் தேசியச் சோதனைச்சாலை. இரும்பு, சிமென்ட், கம்பி முதலியவற்றை இழுத்தும் அழுத்தியும் தரம் பார்ப்பது அதன் பணி. இத்தகைய சோதனையில் ஈடுபடுவோர் பேச்சில் ஃப்ளா வேறு, டிஃபெக்ட் வேறு. எஃகின் உள்ளே ஒரு வெடிப்போ காற்றுக்குமிழோ தென்பட்டால் அது ஃப்ளா. அதன் நீளத்தையும் இடத்தையும் அளந்து, விதியில் குறித்த எல்லையோடு ஒப்பிடுவர். எல்லையைத் தாண்டினால்தான் அதற்கு டிஃபெக்ட் என்ற பெயர். எல்லைக்குள் நின்றால் பொருள் ஏற்கப்படும். எல்லா உலோகத்திலும் ஏதேனும் ஒரு சிறு பிசகு இருக்கவே செய்யும். நுண்ணிய அளவில் அணுக்களின் வரிசை சில இடங்களில் பிசகியிருப்பதனால்தான் இரும்பு உடையாமல் வளைகிறது என்பதை 1934-இல் அறிவியலார் விளக்கினர். மாணிக்கம் சிவந்திருப்பதற்குக் காரணம் அதிற் கலந்துள்ள சிறிதளவு குரோமியம். அக்கலப்பு இல்லாவிடில் அது நிறமற்ற வெறுங்கல்.

ஹௌராவிலிருந்து சென்னைக்கு நாம் பயணம் செய்யும் இருப்புப்பாதையை எண்ணிப் பாருங்கள். தண்டவாளத்தின் தலைப்பகுதியினுள் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் தோன்றுவதுண்டு. செவிக்குக் கேளாத நுண்ணொலியைத் தண்டவாளத்தினுள் செலுத்தினால், வெடிப்புள்ள இடத்தில் பட்டு அது திரும்பி வருகிறது. அதனைக் கொண்டு இடத்தைக் கண்டுபிடிக்கின்றனர். உடனே அகற்ற வேண்டியவை இவை, கண்காணிப்பில் வைக்க வேண்டியவை இவை என்று பிரித்துக் குறியிடுகின்றனர். முன்னாளில் வண்டி நிலையத்தில் நின்றதும் ஒருவர் நீண்ட சுத்தியலோடு வந்து சக்கரங்களைத் தட்டிக்கொண்டே செல்வார். நல்ல சக்கரம் மணிபோல் ஒலிக்கும். வெடித்தது மங்கி ஒலிக்கும். நம் பாட்டிமார் சந்தையிற் பானை வாங்கும்போது விரலை மடக்கித் தட்டிக் காதருகே வைத்துக் கேட்டார்கள் அல்லவா? கருவி மாறியிருக்கிறது, முறை அதுவேதான்.

1943-இல் திறக்கப்பட்ட ஹௌராப் பாலம் ஏறத்தாழ 26,500 டன் எஃகினால் ஆனது. திருகாணிகளின்றித் தரையாணிகளால் இறுக்கப்பட்டது. அதற்கு நேர்ந்த பழுது ஒன்று நகைப்புக்கும் வருத்தத்திற்கும் உரியது. தூண்களின் அடிப்பகுதியைக் காக்கும் எஃகுத் தகடுகள் 2007-க்கும் 2011-க்கும் இடையே ஆறு மில்லிமீட்டரிலிருந்து மூன்று மில்லிமீட்டருக்கும் கீழாகத் தேய்ந்துவிட்டன என்று கண்டறிந்தனர். வெற்றிலை மென்று துப்பியதே காரணம்! பின்னர் அவற்றைக் கண்ணாடி இழைப் பொருளால் மூட வேண்டியதாயிற்று. இதனை டிஃபெக்ட் என்றா சொல்வது? பாலத்தில் யாதொரு குறையும் இல்லை. ஆங்கிலத்தில் இதற்குச் சரியான சொல் டேமேஜ், அதாவது சேதம். ஆக்கும்போதே உடன்பிறந்தது டிஃபெக்ட். பின்னால் வெளியிலிருந்து வந்து சேர்வது டேமேஜ். வாங்கிய பொருள் பழுதானால் கடைக்காரர் முதலில் நிலைநாட்ட முயல்வது இந்த வேறுபாட்டைத்தான். ‘நீங்கள் கீழே போட்டிருப்பீர்கள்’ என்பார்.

இவ்விடத்தில் சட்டத்தையும் ஒரு வார்த்தை கூறிவிடுதல் நலம். வெளியூரில் வாழும் நமக்கு இது பயன்படும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986-இல் முதலில் இயற்றப்பட்டது. அதற்குப் பதிலாக 2019-ஆம் ஆண்டுச் சட்டம் 2020 சூலை முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, பொருளின் தரம், அளவு, வீரியம், தூய்மை ஆகியவற்றில் உள்ள குறை டிஃபெக்ட் எனப்படும். ஒருவர் செய்து தருவதாக ஒப்புக்கொண்ட சேவையில் உள்ள குறை டிஃபிஷன்ஸி எனப்படும். மேற்சொன்ன மிக்சியின் மோட்டார் புகைந்தது டிஃபெக்ட். மூன்று நாளில் வருவதாகச் சொன்ன பழுதுபார்ப்பவர் மூன்று வாரமாகியும் வாராமை டிஃபிஷன்ஸி. முறையீட்டில் இரண்டையும் தனித்தனியே குறிக்க வேண்டும். பழைய சட்டத்தில், எதிர்த்தரப்பார் இருக்கும் இடத்திலோ, வழக்கிற்குக் காரணமான செயல் நிகழ்ந்த இடத்திலோதான் முறையிட இயலும். காஞ்சிபுரத்திலிருந்து தபாலில் வரவழைத்த புடவை இழை விட்டிருந்தால், அதற்காக ஊருக்குப் போய் அலைவார் யார்? இப்போதைய சட்டம், முறையிடுவோர் தாம் வாழும் இடத்திலேயே, அன்றித் தொழில் புரியும் இடத்திலேயே மாவட்ட ஆணையத்தை அணுகலாம் என்கிறது. காரணம் தோன்றிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் அணுக வேண்டும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. 1930-ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டத்தின்படி, வாங்குபவர் பொருளைப் பரிசோதித்திருந்தால், அப்பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்குப் பின்னர் முறையிடுவது கடினம். வெளிப்படையான குறை வேறு, மறைந்துள்ள குறை வேறு. ஆதலின் கடையில் நின்றபடியே புடவையை முழுதும் விரித்துப் பார்க்கும் நம் பெண்டிரை அவசரப்படுத்த வேண்டா. அடுக்கு மாடியில் வீடு வாங்குவோர்க்கு இன்னொரு செய்தி. 2016-ஆம் ஆண்டின் மனை விற்பனை ஒழுங்குமுறைச் சட்டம், வீடு கைக்கு வந்து ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டுமானத்திலோ வேலைத்தரத்திலோ டிஃபெக்ட் காணப்பட்டு அறிவிக்கப்பட்டால், கட்டியவர் முப்பது நாள்களுக்குள் தம் செலவில் சீராக்கித் தர வேண்டும் என்கிறது.

இனிச் சிறுவனிடம் திரும்புவோம். பள்ளிச் சீட்டு வந்த பின் அவ்வீட்டில் நடந்ததை நான் பிறகே அறிந்தேன். ‘இரண்டு மூன்று மொழி பேசுவதால்தான் பிள்ளைக்கு நாக்குக் குழறுகிறது, வீட்டில் தமிழை நிறுத்துங்கள்’ என்று யாரோ சொல்லிவிட்டார்கள். பெற்றோரும் நிறுத்திவிட்டனர். மூன்று மாத காலம் அவ்வீட்டில் ஆங்கிலமும் வங்காளமும் மட்டுமே ஒலித்தன. ஊரிலிருந்து வந்த பாட்டிக்குப் பேசத் துணையில்லை. பேரன் அருகே வந்தால் மருமகள் கண்ணால் தடுத்துவிடுவாள். அந்த அம்மையார் பிற்பகலெல்லாம் பால்கனியில் அமர்ந்து டிராம் வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிறுவனின் ‘டிஃபெக்ட்’ யாது தெரியுமா? வங்காளத்தில் ‘கால்’ என்றால் நாளை, நேற்றும் ‘கால்’தான். அதே சொல்லின் முதலெழுத்தை மூச்சோடு சேர்த்துச் சொன்னால் வாய்க்கால். குரலை அதிர்த்துச் சொன்னால் கன்னம். நம் மொழியில் ககரம் ஒன்றே. சொல்லின் முதலில் வரும் ககரத்தை நாம் மூச்சோடும் சொல்வதில்லை, அதிர்த்தும் சொல்வதில்லை. ஆகவே நாளையும் வாய்க்காலும் கன்னமும் அச்சிறுவன் வாயில் ஒரே ‘கால்’ ஆயின. நல்லது என்று பொருள்படும் வங்காளச் சொல்லை அவன் ‘பாலோ’ என்று மெல்லச் சொல்ல, வகுப்பிற் சிரிப்பு எழுந்தது.

இதற்கு மறுதலையும் உண்டு. வங்காளிகள் நாவில் வகரம் பகரமாகத் திரியும்; வாசுதேவன் பாசுதேபன் ஆவார். என் அலுவலகத்தில் வைத்தியநாதன் என்றொருவர் இருந்தார். அவரை அழைப்பது ‘பொய்த்தநாதன்’ என்பது போல் நம் செவிக்குப் படும். பொய்யே பேசியறியாத மனிதர்! ழகரமோ அவர்களுக்கு எட்டாக்கனி. அவர்களுக்குப் பேச்சில் டிஃபெக்ட் என்று நாம் ஒருநாளும் சீட்டு எழுதியதில்லை.

இறுதியில் காது மருத்துவர் ஒருவர் சிறுவனைச் சோதித்துச் செவிப்புலன் செம்மையாக உள்ளது என்றார். பேச்சுப் பயிற்சியளிக்கும் அம்மையார் ஒருவரிடம் அனுப்பினார். அந்த அம்மையார் தமிழறியாதவர். ஆயினும் தாயிடம், “உங்கள் மொழியில் இவனோடு பேசுங்கள், நான் கேட்கிறேன்” என்றார். தாய்க்கு முதலில் சொல் வரவில்லை. மூன்று மாதப் பழக்கம். பின்பு காலையில் என்ன சாப்பிட்டாய் என்பதில் தொடங்கிப் பேச்சு நீண்டது. தமிழில் எந்த ஒலியும் அவனுக்குத் தட்டவில்லை என்பதைத் தாயைக் கேட்டும் தாமே செவிகொடுத்தும் அந்த அம்மையார் உறுதி செய்துகொண்டார். பேச்சுறுப்பிலோ கேள்வியிலோ உள்ள கோளாறு வேறு, தாய்மொழியின் சாயலால் வரும் உச்சரிப்பு வேறுபாடு வேறு. இரண்டாவதற்கு மருத்துவம் இல்லை, பழக்கமே போதும் என்பது அத்துறையினர் கொண்டுள்ள கொள்கை. தமிழை நிறுத்தியதனால் பையன் பேசுவதையே குறைத்துக்கொண்டிருக்கிறான் என்பதையும் அவரே சுட்டிக்காட்டினார்.

பள்ளிக்கு விடை எழுதக் கணக்கர் மறுபடியும் என்னிடம் வந்தார். இருவரும் ஒரு மாலைப்பொழுது முழுதும் அமர்ந்து ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதினோம். சினத்தோடு எழுதிய முதல் இரண்டு படிகளைக் கிழித்தெறிந்தோம். டிஃபெக்ட் என்ற சொல்லை அடித்துவிட்டு, வேறுபாடு என்று பொருள்படும் டிஃபரன்ஸ் என்னும் சொல்லை அவரே எழுதினார். மருத்துவர் அறிக்கையையும் இணைத்தோம். ‘பயிற்சி தேவை’ என்று ஆண்டிறுதிக் குறிப்பில் திருத்தி எழுதினார்களாம். முதற்சீட்டு மட்டும் அவர் பையிலேயே இருந்தது. அதனை எறிய மனம் வரவில்லை என்றார்.

மழைக்காலத்தில் ஒருநாள் அவர்கள் வீட்டிற்குச் சென்றிருந்தேன். தெருவெங்கும் முழங்கால் அளவு நீர். பையன் பள்ளியிலிருந்து நனைந்து வந்தான். பாட்டி துண்டை எடுத்துக்கொண்டு வந்து, “காலிலே என்னடா இத்தனை சேறு?” என்று கேட்டார்.

“எந்தக் கால், பாட்டி?” என்றான் பையன். பிறகு விரல் விட்டு எண்ணி, நாளையையும் வாய்க்காலையும் கன்னத்தையும் வங்காளிப் பிள்ளைபோல் மூன்று விதமாகச் சொல்லிக்காட்டிவிட்டு, நான்காவதற்குச் சேறு படிந்த பாதத்தை நீட்டினான்.